மோட்டார்ஹோமில் பழக்கமில்லாத விளக்கு எரிந்தால்

மோட்டார்ஹோம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு கம்பெனிகள் செய்த பொருள். முன்பக்கம் வேன், பின்பக்கம் வீடு. நம் ஊரில் ஒரு கம்பெனியின் சேஸியை வாங்கி நாமக்கல்லிலோ கரூரிலோ கொண்டுபோய் பாடி கட்டுவார்களே, ஐரோப்பாவிலும் அதே கதைதான். பிரிட்டன் சாலைகளில் பார்க்கும் மோட்டார்ஹோம்களில் நிறைய வண்டிகளுக்கு அடியில் இருப்பது ஃபியட் டுகாட்டோ. இத்தாலியில் அட்டெஸா என்ற ஊரில் 1981 முதல் தயாராகும் வேன் அது. பெஜோ பாக்ஸரும் சிட்ரோன் ரிலேயும் அதன் உடன்பிறப்புகள், பேட்ஜ் மட்டும் வேறு. மெர்சிடிஸ் ஸ்பிரின்ட்டர் மீதும் ஃபோர்டு டிரான்சிட் மீதும் கட்டியவை உண்டு. அடுப்பு, படுக்கை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டித் தருவது வேறொரு கம்பெனி.

நான் லெஸ்டர் பக்கம் ஒரு வேன் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். வருடம் முழுக்க கொரியர் வேன்கள், ஈஸ்டர் நெருங்கினால் மோட்டார்ஹோம்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிப்பார்கள்: "ஏதோ ஒரு லைட் எரியுது." ஏதோ ஒன்று என்பதை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் பார்க்க வேண்டியது, அது வேனின் விளக்கா வீட்டின் விளக்கா என்பதுதான். ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகமானிக்குப் பக்கத்தில் எரிந்தால் வேன். வாசல் கதவுக்கு மேலேயோ அடுப்படிச் சுவரிலோ இருக்கும் பேனலில் எரிந்தால் வீடு. கையேடும் இதேபோல இரண்டு இருக்கும். வேன் கையேட்டில் கேஸ் ஹீட்டரைத் தேடினால் கிடைக்காது. வீட்டுக் கையேட்டில் ஆயில் விளக்கைத் தேடினாலும் கிடைக்காது. வாடகை வண்டி என்றால் இரண்டு புத்தகமும் வண்டியில் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும்.

நிறமும் மின்னலும்

டேஷ்போர்டுப் படங்களுக்கு ஐஎஸ்ஓ 2575 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதனால்தான் ஆயில் கேன் எந்தக் கம்பெனி வண்டியிலும் ஆயில் கேனாகவே இருக்கிறது. படம் புரியாவிட்டாலும் நிறம் புரியும். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் கவனி, சீக்கிரம் காட்டு. பச்சையும் நீலமும் வெறும் தகவல்: ஹெட்லைட் போட்டிருக்கிறாய், ஹைபீமில் இருக்கிறது, அவ்வளவுதான். சிவப்பிலும் சாதாரணமானவை உண்டு. சீட் பெல்ட், திறந்த கதவு, ஹேண்ட்பிரேக் எல்லாம் சிவப்புதான்.

நிறத்துக்கு அடுத்தது, விளக்கு நின்று எரிகிறதா, விட்டுவிட்டு மின்னுகிறதா? இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம். ஒரே படம், இரண்டு அர்த்தம். டுகாட்டோவின் பல டீசல் மாடல்களில் சிவப்பு ஆயில் கேன் நின்று எரிந்தால் ஆயில் அழுத்தம் போய்விட்டது, இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். அதுவே சில நிமிடம் மின்னிவிட்டு நின்றால், ஆயில் கெட்டுவிட்டது, மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று கணினி சொல்கிறது. முதலாவதில் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் இன்ஜின் போகும். இரண்டாவதில் ஊர் திரும்பி ஆயில் மாற்றிக்கொள்ளலாம். டயர் விளக்கிலும் இப்படித்தான்: சாவி போட்டதும் ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு அப்புறம் நின்று எரிந்தால் காற்றில் குறையில்லை, சென்சாரில்தான் குறை.

சாவியைப் போட்டதும் ஒரு வீடியோ

புது வண்டியோ வாடகை வண்டியோ, முதல் நாள் காலையில் இதைச் செய்யுங்கள். டுகாட்டோவின் சாவித் துளையைச் சுற்றி STOP, MAR, AVV என்று மூன்று இடம் ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும். ஸ்டாப், மார், அவ் என்று வைத்துக்கொள்வோம். மார் என்ற இடம் வரை மட்டும் திருப்புங்கள், இன்ஜினைக் கிளப்ப வேண்டாம். அந்த நொடியில் டேஷ்போர்டு தன்னிடம் உள்ள எச்சரிக்கை விளக்குகளை ஒரு முறை எரித்துக் காட்டும். போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ், ஏர்பேக் போன்றவை சில நொடிகளில் தானாக அணையும். ஆயில் கேனும் பேட்டரியும் இன்ஜின் கிளம்பும்வரை எரியும், கிளம்பியதும் அணைய வேண்டும்.

இந்த ஒரு வீடியோவில் இரண்டு லாபம். உங்கள் வண்டியில் எந்தெந்த விளக்குகள் உண்டு என்பது தெரிந்துவிடும். பிறகு சாலையில் ஒன்று எரிந்தால் வீடியோவை நிறுத்திப் பார்த்து, "இது அந்த மூன்றாவது படம்" என்று கையேட்டில் தேடலாம். அடுத்தது, எரிந்தே காட்டாத விளக்கும் ஒரு செய்திதான். பழைய வண்டி வாங்கும்போது ஏர்பேக் விளக்கோ இன்ஜின் விளக்கோ அந்தச் சோதனையில் எரியவே இல்லை என்றால், காரணம் தெரியும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

மூன்று ஆச்சரியக்குறிகள்

குழப்பத்தில் முதலிடம் இவற்றுக்குத்தான். என் மனைவியின் தம்பி குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போயிருந்தான், எடின்பரோவில் வாடகைக்கு எடுத்த வண்டி. கிளென்கோவில் ஒரு கேம்ப்சைட்டில் இரவு தங்கிவிட்டு, அக்டோபர் மாதக் காலையில் கிளம்பிய உடனே எனக்கு போன்.

"மாமா, டேஷ்போர்டுல மஞ்சளா ஒரு லைட்டு. வட்டமா இருக்கு, உள்ள ஆச்சரியக்குறி. பிரேக் போயிருச்சா?"

"வண்டியை ஓரமா நிறுத்திட்டியா மாப்ளே? சரி. அந்த வட்டம் முழு வட்டமா, இல்ல மேல திறந்திருக்கா?"

"மேல திறந்திருக்கு. அடியில பல்லு பல்லா கோடு."

"அப்ப டயரு. காத்து குறைஞ்சிருக்கு. பிரேக்குன்னா வட்டம் முழுசா மூடியிருக்கும், ரெண்டு பக்கமும் அடைப்புக்குறி மாதிரி இருக்கும், செவப்பா எரியும்."

மூன்றாவது, முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி. அது பொதுவான எச்சரிக்கை. திரையில் கூடவே ஒரு செய்தி வரும், அதைத்தான் படிக்க வேண்டும். வாடகை வண்டிகளில் அந்தச் செய்தி ஜெர்மனிலோ இத்தாலியனிலோ வருவதும் உண்டு. அப்படியே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும், படிக்க ஆள் கிடைப்பார்கள்.

அவன் விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார்ஹோம் டயரில் சிபி என்று ஒரு குறி இருக்கும். கேம்பர் வண்டிக்கென்றே செய்த டயர். டுகாட்டோவில் அதற்குச் சொல்லப்படும் காற்று 5.5 பார், அதாவது சுமார் 80 பிஎஸ்ஐ. காருக்குப் போடுவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இவ்வளவு விறைப்பான டயரில் ஒரு பார் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, காலால் உதைத்துப் பார்த்தாலும் தெரியாது. கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வண்டிக்காரர் ஒருவரிடம் கேஜ் இருந்தது. நான்கு டயரையும் அளந்து சொன்னான்: 4.3, 4.4, 4.4, 4.3.

நான்கும் ஒரே அளவில் இறங்கியிருந்ததைக் கேட்டதும் எனக்கு நிம்மதி. ஆணி ஏறியிருந்தால் ஒன்றுதான் இறங்கும். நான்கும் சேர்ந்து இறங்கினால் காரணம் குளிர், அல்லது யாரோ சொகுசுக்காகக் காற்றைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். இங்கே இரண்டும் சேர்ந்துகொண்டன. வெப்பம் 10 டிகிரி இறங்கினால் இந்த அழுத்தத்தில் உள்ள டயரில் சுமார் 0.2 பார் குறையும். ஏற்கெனவே கம்மியாக இருந்த டயர், மலையடிவாரக் குளிரில் எல்லைக்குக் கீழே போய்விட்டது. சொன்ன அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் எச்சரிக்கை வருவது வழக்கம், 5.5-இல் ஐந்தில் ஒரு பங்கு போனால் 4.4. கணக்கு சரியாக வந்துவிட்டது.

வாடகைக் கம்பெனிக்கு முதலில் போன் போடச் சொன்னேன், அப்புறம் மெதுவாக ஃபோர்ட் வில்லியம் போய் காற்று அடிக்கச் சொன்னேன். பெட்ரோல் பங்கில் உள்ள எல்லா ஏர் மெஷினும் 80 பிஎஸ்ஐ வரை ஏற்றாது, மெஷினில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துவிட்டுக் காசு போடு என்றும் சொன்னேன். டயர்க் கடையில் அடித்துக்கொண்டு கிளம்பினான். கொஞ்ச தூரம் ஓடியதும் விளக்கு அணைந்தது.

சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆக்சில் எடையைப் போட்டுப் பார்த்து, டயர் கம்பெனியிடம் கேட்டு, 5.5-க்குக் கீழே வைத்து ஓட்டுபவர்கள் நிறையப் பேர். அதில் தவறில்லை, பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் பாதியாகக் குறையும். ஆனால் கணினிக்கு இது தெரியாது, விளக்கைப் போட்டுக்கொண்டே இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் அந்த எல்லையை மாற்றித் தரச் சொல்லுங்கள். விளக்கு எரிவதைப் பழகிக்கொண்டால், உண்மையிலேயே ஆணி ஏறும் நாளில் உங்களுக்குத் தெரியாது.

நிறுத்தியே ஆக வேண்டியவை

ஆயில் கேனைச் சொல்லிவிட்டேன். வளைவிலோ ஏற்றத்திலோ மட்டும் கண் சிமிட்டினால் ஆயில் மட்டம் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். சமதரையில் நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, குச்சியை எடுத்துப் பாருங்கள். கேம்ப்சைட்டில் மட்டம் பார்க்க ஒரு சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வைத்திருப்போம். அப்படி நிற்கும்போது குச்சி சொல்வதை நம்பாதீர்கள்.

தண்ணீரில் மூழ்கிய தெர்மாமீட்டர் படம் சிவப்பில் வந்தால் இன்ஜின் சூடு ஏறிவிட்டது. மூன்றரை டன் வண்டி மலை ஏறும்போது இது நடக்கும். நிறுத்த இடம் கிடைக்கும்வரை கேபினில் ஹீட்டரை முழுச் சூட்டில், முழு விசிறியில் வையுங்கள். உங்களுக்கு வேர்க்கும், இன்ஜினின் சூடு கொஞ்சம் வெளியே வரும். நிறுத்தியபின் கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. கை வெந்துபோன ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி படத்தைப் பற்றி நிறையத் தவறான எண்ணம். டேஷ்போர்டில் எரியும் பேட்டரி விளக்குக்கும் படுக்கைக்கு அடியில் இருக்கும் வீட்டு பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை. இன்ஜின் ஓடும்போது அது எரிந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்று அர்த்தம். பெல்ட் அறுந்திருந்தால், பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ஸ்டியரிங் பம்பையும் சுழற்றுகிறது. எனவே பேட்டரி விளக்கோடு ஸ்டியரிங் கனத்தாலோ சூட்டு முள் ஏறினாலோ உடனே நிறுத்துங்கள். விளக்கு மட்டும்தான், மற்றதெல்லாம் சரி என்றால், பிரிட்ஜை அணைத்து, போன் சார்ஜரைப் பிடுங்கி, இன்ஜினை அணைக்காமல் பக்கத்து ஊர் வரை போய்ச் சேரலாம்.

சிவப்பு பிரேக் விளக்குக்கு முதல் சந்தேகம் ஹேண்ட்பிரேக் மேல்தான். மோட்டார்ஹோமில் டிரைவர் சீட்டை உள்பக்கமாகத் திருப்பி சோபா ஆக்கிக்கொள்வோம். திருப்பும்போது பக்கத்தில் உள்ள லீவர் இடிக்கும். காலையில் அவசரத்தில் கிளம்பும்போது லீவர் ஒரு பல்லில் நின்றிருந்தாலும் விளக்கு எரியும். லீவர் முழுதாக இறங்கியும் அணையவில்லை என்றால் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. திடீரென்று இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. சிவப்பு பிரேக் விளக்கும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் ஒன்றாக எரிந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக்கைப் பங்கிடும் அமைப்பு வேலை செய்யவில்லை. பின்பக்கம் நீளமாக, கனமாக இருக்கும் வண்டியில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பக்கவாட்டில் போகும். அதை ஓட்டக் கூடாது. இழுத்துப்போகும் டோ வண்டிதான். டோ வண்டி கூப்பிடும்போது நீளம், உயரம், எடை மூன்றையும் சொல்லுங்கள், இல்லையென்றால் கார் ஏற்றுகிற வண்டியை அனுப்பிவிடுவார்கள்.

மஞ்சளில் தலைவலி தருபவை

சைலன்சருக்குள் புள்ளி புள்ளியாக ஒரு படம். டிபிஎஃப், டீசல் புகையின் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. நிறைந்ததும் இன்ஜின் தானே அதைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றிக் கரியை எரித்துவிடும். அதற்குத் தொடர்ந்து ஓட்டம் வேண்டும். மோட்டார்ஹோம்தான் வருடத்தில் பாதி நாள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி ஆயிற்றே. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதுதான் வண்டியைப் பராமரிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை. கரி சேரும், எரியாது. பாதியில் அணைத்தால் டீசல் ஆயிலில் கலக்கும். பேட்டரிக்கும் போன சார்ஜ் திரும்பாது. மாதம் ஒரு முறை அரை மணி நேரம் நல்ல சாலையில் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாமல் விடுங்கள்.

டிபிஎஃப் விளக்கு எரிந்துவிட்டால், நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போய் ஒரு கியர் குறைவாகப் போட்டு, இன்ஜின் 2,000 சுற்றுக்கு மேலே இருக்கும்படி கால் மணி முதல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். எரித்துக்கொண்டிருக்கும்போது காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சைலன்சர் சூட்டில் புல் பற்றும், கோடைக்காலக் கேம்ப்சைட்டில் விளையாட்டு வேண்டாம். டிபிஎஃப் விளக்கோடு இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ வண்டி இழுக்காமல் திணறினாலோ ஓட்டி எரிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஒர்க்‌ஷாப்தான்.

சுருள் கம்பி மாதிரி இருப்பது குளோ பிளக், டீசல் இன்ஜின் கிளம்புவதற்கு முன் உள்ளே சூடேற்றும் பாகம். குளிரில் சாவி போட்டதும் எரியும், அணைந்ததும் ஸ்டார்ட் செய்யலாம். ஓடும்போது மின்னினால் அந்தச் சுற்றில் ஏதோ பழுது. வெயில் காலம் என்றால் தள்ளிப்போடலாம்.

டீசல் பில்டரில் தண்ணீர் என்ற விளக்கு மஞ்சளில் எரிந்தாலும் நான் அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்வேன். டீசல் பம்பும் இன்ஜெக்டரும் தண்ணீர் தாங்காது. மோட்டார்ஹோமில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு: வண்டியின் பக்கவாட்டில் டீசல், குடிதண்ணீர், சில மாடலில் ஆட்புளூ (டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் திரவம்) என்று மூன்று மூடிகள். தண்ணீர்க் குழாயை டீசல் துளையில் சொருகிவிட்டு வரும் வண்டி எல்லாக் கோடையிலும் ஒன்றாவது வரும். அப்படி ஆகிவிட்டால் சாவியைத் தொடவே வேண்டாம். சாவி போட்டால் பம்ப் ஓடும், தண்ணீர் உள்ளே போகும். தொட்டியைக் காலி செய்தால் போதும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடலாம்.

ஆட்புளூ விளக்குக்கு நேரம் நிறைய இருக்கும். பல வண்டிகளில் இன்னும் சுமார் 2,400 கிலோமீட்டர் ஓடும்போதே முதல் எச்சரிக்கை வந்துவிடும். பிறகு திரையில் தூரம் குறைந்துகொண்டே வரும். பூஜ்யத்துக்கு வந்தபின் இன்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்பாது. பழுது இல்லை, சட்டமே அப்படி. ஒரு லிட்டர் ஊற்றிவிட்டு விளக்கு அணையவில்லையே என்பார்கள். சென்சாருக்குத் தெரிய ஐந்து, பத்து லிட்டராவது வேண்டும். இது மைனஸ் 11 டிகிரியில் உறையும், நார்வே போகிறவர்கள் டப்பாவை வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலம் முழுக்க நின்ற வண்டியை மார்ச்சில் கிளப்பும்போது ஏபிஎஸ், ஸ்டியரிங், ஏர்பேக் என்று பாதி டேஷ்போர்டு எரியும். இத்தனை பாகமும் ஒரே நாளில் கெட்டுப்போகாது. மல்டிமீட்டரை எடுத்து இன்ஜின் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.7 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.0 என்றால் ஏறக்குறையக் காலி. வோல்ட் குறைந்தால் ஒவ்வொரு கணினியும் தன் பங்குக்கு ஒரு குறை சொல்லும். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டு மறுநாள் ஓட்டிப் பாருங்கள். பிரிட்டனில் ஓடும் டுகாட்டோவில் பேட்டரி பயணி கால் வைக்கும் தரைக்கு அடியில் இருக்கிறது. பானட்டைத் திறந்து தேடிக் களைத்தவர்கள் பலர். ஜம்ப் கேபிள் மாட்ட பானட்டுக்குள்ளேயே தனி முனை உண்டு, சிவப்பு மூடி போட்டிருக்கும்.

பல்பு படம் எரிந்து, இறங்கிப் பார்த்தால் எல்லா விளக்கும் எரிகிறதா? பின்விளக்கு பாடி கட்டியவர்கள் போட்டது. எல்இடி மிகக் குறைந்த கரண்ட் எடுப்பதால், பல்பு போய்விட்டது என்று வேனின் கணினி நினைத்துக்கொள்ளும். இதற்கு வேன் டீலரிடம் போனால் எங்கள் வேலை இல்லை என்பார், பாடிக்காரரிடம் போனால் டேஷ்போர்டு எங்களுடையது இல்லை என்பார். பாடிக்காரரைத்தான் பிடிக்க வேண்டும்.

வீட்டுப் பக்கம்

இங்கே ஆபத்து குறைவு, எரிச்சல் அதிகம். சாவி போட்டதும் கத்தும் பஸ்ஸர் பெரும்பாலும் மடிக்காமல் விட்ட எலெக்ட்ரிக் படி. மடித்தபின்னும் கத்தினால் படியின் அடியில் உள்ள சின்ன சுவிட்சில் சேறு அடைத்திருக்கும். என் வண்டியில் மழைக்காலத்தில் இது வாடிக்கை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் கொஞ்சம் ஸ்பிரேயும் போதும். சில வண்டிகளில் டிவி ஆன்டெனா மேலே நிற்கிறது என்பதற்கும் இதே போன்ற சத்தம் உண்டு, அதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். முதல் பாலத்திலேயே போய்விடும்.

ஹீட்டரின் சிவப்பு விளக்கு பெரும்பாலும் கேஸ் வரவில்லை என்பதற்கு. சிலிண்டர் காலியா, வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்தபின், சிலிண்டர் பியூட்டேனா புரொப்பேனா என்று பாருங்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். குளிர் காலையில் அடுப்பும் ஹீட்டரும் சேர்ந்து மக்கர் செய்தால் இதுதான். கழிவுநீர்த் தொட்டி விளக்கு பொய் சொல்வது சகஜம், சென்சாரில் சோப்பும் எண்ணெயும் படிந்திருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மட்டும் நின்று ஆராயக் கூடாது. எல்லோரையும் எழுப்பி வெளியே கொண்டுவந்துவிட்டு, அப்புறம் யோசியுங்கள்.

பழுதுக் குறியீடு படிக்கும் கருவி

மஞ்சள் இன்ஜின் படம் எரிந்தால் காரணம் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். ஸ்டியரிங் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட் ஒன்று இருக்கும். புளூடூத் கருவி ஒன்றைச் சொருகி போனில் பார்த்தால் பி0401, பி2463 என்று ஒரு பழுதுக் குறியீடு, நாங்கள் சொல்லும் கோடு, வரும். முதலாவது, புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வழியாகப் போகும் புகை போதவில்லை என்பது, இரண்டாவது டிபிஎஃபில் கரி அதிகம் என்பது. கோடு வந்ததும் அந்தப் பாகத்தை வாங்கிவிடாதீர்கள். எங்கே அளவு தப்பியது என்பதைத்தான் அது சொல்லும். இஜிஆர் வால்வு நன்றாக இருந்து, ஒரு ரப்பர் குழாய் கிழிந்திருந்தாலும் அதே கோடுதான்.

அந்தக் குறியீட்டை எழுதி வையுங்கள், போட்டோ எடுங்கள், அழிக்காதீர்கள். அழித்தால் அந்த நேரத்தில் வேகம் என்ன, சூடு என்ன என்று கணினி சேமித்து வைத்ததும் சேர்ந்து அழிந்துவிடும். மெக்கானிக்குக் கிடைக்கும் சாட்சியே அதுதான். பிரிட்டனில் வருடந்தோறும் வண்டிக்கு நடக்கும் எம்ஓடி சோதனைக்கு முன்னால் அழித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2018 மே 20 முதல், இன்ஜின் விளக்கு எரியும் டீசல் வண்டி, 2008 ஜூலை 1-க்குப் பின் சாலைக்கு வந்ததாக இருந்தால் சோதனையில் தேறாது. அழித்துவிட்டுப் போனாலும் காரணம் அப்படியே இருந்தால் சில நாளில் விளக்கு திரும்பி வரும்.

எங்களுக்கு போன் செய்யும்போது இவை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: விளக்கின் போட்டோ, நிறம், மின்னுகிறதா, எந்த வேகத்தில் வந்தது, அப்போது ஏற்றமா சமதரையா, மழையா, கடைசியாக டீசல் எங்கே போட்டீர்கள், சத்தமோ வாசனையோ உண்டா. வண்டி ஏழு மீட்டர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். கார் ஒர்க்‌ஷாப்பின் லிஃப்டில் அது ஏறாது, லாரி பார்க்கும் இடத்துக்குத்தான் அனுப்புவோம். வாடகை வண்டி என்றால் கம்பெனியின் சம்மதம் எழுத்தில் வரும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

விளக்கு தானாக அணைந்துவிட்டாலும் சொல்லுங்கள். பழுது மறுபடி தென்படாமல் மூன்று முறை ஓட்டி முடித்தால் இன்ஜின் விளக்கு தானே அணையும். கோடு மட்டும் இன்ஜின் சுமார் 40 முறை சூடாகி ஆறும்வரை கணினிக்குள் இருக்கும், சொருகிப் பார்த்தால் படிக்கலாம்.